ஷாதி அப்துல் சலாமின் வரைபலகை: எகிப்து நாட்குறிப்பு

ஜனவரி 11, அலெக்சாந்திரியா

காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து மழை விடவில்லை. குளிர்காலத்தில் இந்நகரத்தைத் தாக்கும் புயல்மழைகளை இவ்வூர் மக்கள் நவ்வா என்று அழைக்கிறார்கள்; ஒவ்வொரு நவ்வாவுக்கும் ஒரு பெயரும், வழக்கமாக அது வந்து சேரும் தேதியும் உண்டு. "இது பெரிய ஃபைதா. நாளைக்கு வர வேண்டியது, ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது" என்று விடுதி முதலாளி, கடலோரச் சாலையின் மேல் எழும்பி விழுந்த அலைகளைக் காட்டிச் சொன்னார்.

குடை காற்றில் மடங்கிவிட்டது. தோள்பையிலிருந்த குறிப்பேடு நனைந்து, புறப்படுவதற்கு முன் எழுதிய பக்கங்களில் மை கரைந்து ஓடிவிட்டது. ராம்ல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஃபூல் கடையில் ஒதுங்கினேன். இரவெல்லாம் செம்புக் குடத்தில் வெந்த மொச்சையை மசித்து, எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் சீரகப் பொடியும் சேர்த்து, சுடச்சுட ரொட்டியுடன் தருகிறார்கள். மொச்சையிலேயே செய்த, வடையைப் போன்ற தாமியாவும் உண்டு. கடைக்காரர் என்னைக் கேட்காமலேயே குறிப்பேட்டை வாங்கி, அடுப்பின் அனல் படும்படி விரித்து, பக்கங்களுக்கு நடுவே துண்டுக் காகிதங்களைச் செருகி வைத்தார். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் சேர்த்து 40 பவுண்டுதான் வாங்கினார். மேற்கொண்டு கொடுத்ததைத் திருப்பி என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

அழிந்த பக்கங்களில் இருந்தது எகிப்தியத் திரைப்பட இயக்குநர் ஷாதி அப்துல் சலாமின் வாழ்க்கைக் குறிப்பு. அதை நினைவிலிருந்து மறுபடியும் எழுதுகிறேன். 1930 மார்ச் 15 அன்று இதே அலெக்சாந்திரியாவில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மேல் எகிப்தில் உள்ள மின்யா. இங்குள்ள விக்டோரியா கல்லூரியில் பள்ளிப் படிப்பையும், சிறிது காலம் இங்கிலாந்தில் நாடகக் கலையையும் முடித்துக்கொண்டு திரும்பி, கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் 1955இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். ஆனால் கட்டடம் கட்டப் போகாமல் சினிமாவுக்குள் நுழைந்தார். இயக்குநர் சலா அபூ செய்ஃபிடம் உதவியாளராக இருந்தார். பிறகு சரித்திரப் படங்களுக்கு அரங்கமும் உடையும் வடிவமைத்தார். 1969இல் 'அல்-மூமியா' (மம்மி) படத்தை எழுதி இயக்கினார். 1986 அக்டோபர் 8 அன்று, 56 வயதில் காலமானார்.

ஒரே ஒரு முழுநீளக் கதைப்படம் எடுத்த இயக்குநர் என்றே உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு சரிதான் என்றாலும், அதைக் கொண்டு அவரை அளப்பது அநியாயம் என்று நெடுநாளாக எனக்குத் தோன்றிவந்தது. அவர் முதலில் வடிவமைப்பாளர். படம் அவருடைய வரைபலகையிலிருந்து பிறந்தது. அந்த வரைபலகையில் வேறு என்னென்ன இருந்தன என்பதை நேரில் காணவே இந்நாட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஜனவரி 12, அலெக்சாந்திரியா

மழை தூறலாகக் குறைந்திருந்தது. 2002இல் திறக்கப்பட்ட புதிய அலெக்சாந்திரிய நூலகத்துக்குக் கடலோரமாகவே நடந்தேன். கடலை நோக்கிச் சாய்ந்த பெரிய வட்டக் கூரையும், உலகின் பல்வேறு எழுத்து வடிவங்கள் செதுக்கப்பட்ட அஸ்வான் கருங்கல் சுவரும் கொண்ட கட்டடம் அது. மழையில் நனைந்த கல் கறுத்திருந்ததால் எழுத்துகள் வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தன என்று வாயில் காவலர் சொன்னார்.

நூலகத்துக்குள்ளே ஷாதிக்கென்று ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் இருக்கிறது. அவருடைய சொந்த நூல்கள், அவர் வடிவமைத்த மரச்சாமான்கள், திரைப்பட உடைகள், அரங்க வரைபடங்கள், ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து பார்த்த ஸ்டோரிபோர்டுகள் ஆகியவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள். காலையில் நுழைந்த நான் பசி தாங்காத நிலையில்தான் வெளியே வந்தேன்.

அரசர், அரசி, பூசாரி, படைவீரர் என்று வரிசையாக நிற்கும் உடை ஓவியங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். உடை ஓவியம் என்றால் துணியின் நிறத்தையும் பொதுவான தோற்றத்தையும் காட்டினால் போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். இவர் வரைந்திருப்பதோ தையற்காரரும் பொற்கொல்லரும் தச்சரும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடிய வரைபடங்கள். கழுத்தணியின் மணிகள் எந்த வரிசையில் கோக்கப்படுகின்றன, இடுப்புத் துணியின் கொசுவம் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் விழுகிறது என்பவை வரை அவற்றில் தெரிகின்றன. பக்கத்தில் ஒரு நுண்கலைக் கல்லூரி மாணவி தரையில் உட்கார்ந்து ஒரு தலையணியைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். "உஸ்தாஸ் (ஆசான்) ஷாதி கட்டடக்கலை படித்தவர். அதனால் கிரீடத்தைக்கூட ஒரு கட்டடத்தைப் போலத் தரைப்படம், முகப்பு, வெட்டுத்தோற்றம் என்றுதான் நினைத்துப் பார்த்திருப்பார்" என்றார். அன்று நான் கேட்ட சொற்களிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். அதற்குப் பிறகு எல்லா ஓவியங்களையும் முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன்.

1961இல் வெளியான 'வா இஸ்லாமா', 1963இல் யூசுஃப் ஷஹீன் இயக்கிய 'அல்-நாசிர் சலாஹுத்தீன்' ஆகியவற்றின் மூலம் அரங்க வடிவமைப்பாளராகவும் உடை வடிவமைப்பாளராகவும் அவர் பெயர் பெற்றார். சிலுவைப் போரைச் சொல்லும் அந்த இரண்டாவது படத்தில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் மோதிக்கொள்ளும்போதும் பார்ப்பவருக்குக் குழப்பம் வராததற்கு உடைகளுக்கும் கொடிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. எலிசபெத் டெய்லர் நடித்த 'கிளியோபாட்ரா', போலந்து இயக்குநர் யெர்சி கவலெரோவிச்சின் 'ஃபாரோ' ஆகிய வெளிநாட்டுப் படங்களிலும் பணியாற்றினார். எகிப்தைப் பற்றிப் பிறர் எடுக்கும் படங்களில் அத்தனை ஆண்டுகள் உழைத்தவருக்கு, தன் நாட்டின் கதையைத் தானே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாலையில் அன்ஃபூஷி பக்கம் ஒரு மீன்கடையில் சயாதியா சாப்பிட்டேன். வெங்காயத்தைக் கருகும் பதம் வரை வதக்கி, அந்த நிறத்திலேயே சோற்றை வேகவைத்து, மேலே பொரித்த மீனை வைத்துத் தருகிறார்கள். 180 பவுண்டு. நேற்றைய சாப்பாட்டோடு ஒப்பிட்டால் அதிகம்தான், ஆனால் இரண்டு பேர் உண்ணக் கூடிய அளவு இருந்தது.

ஜனவரி 14, கெய்ரோ

மழை இல்லை, புகையும் தூசும் கலந்த குளிர். மதியம் ஒரு தட்டு கோஷரி, 50 பவுண்டு, நம் பணத்தில் ஏறக்குறைய 90 ரூபாய். சோறு, பயறு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மேலே மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம். பூண்டு கலந்த காடியைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளச் சொல்லி எதிரே இருந்த பெரியவர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு ஃபுஸ்தாத்தில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2021 ஏப்ரல் 3 அன்று 22 அரச மம்மிகளைத் தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள பழைய அருங்காட்சியகத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். கல்லறை போல இருண்ட நிலத்தடிக் கூடத்தில் முதலாம் சேத்தியும் இரண்டாம் ராமேசஸும் படுத்திருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஆசிரியை உதட்டில் விரலை வைத்ததும் அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

'அல்-மூமியா' இந்த மனிதர்களின் கதை. 3,000 ஆண்டுகளுக்கு முன் பூசாரிகள் கல்லறைக் கொள்ளையருக்கு அஞ்சி, அரசர்களின் உடல்களை, இன்றைய லக்சருக்கு எதிரே உள்ள தேபெஸ் மலையில் ஒரே மறைவிடத்தில் சேர்த்து வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அம்மலையடிவாரக் குர்னா கிராமத்தின் அப்துர் ரசூல் குடும்பத்தினர் அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுவந்தார்கள். பழம்பொருள் சந்தையில் அரச குடும்பத்துப் பொருள்கள் தலைகாட்டியதைக் கவனித்த எகிப்தியத் தொல்பொருள் துறைத் தலைவர் காஸ்தோன் மாஸ்பெரோ விசாரணையைத் தொடங்கினார். 1881இல் அக்குடும்பத்திலேயே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி நிகழ்ச்சியைத்தான் ஷாதி எடுத்துக்கொண்டார். தந்தையின் அடக்கத்தன்று, தன் குலம் எதைத் தின்று வாழ்கிறது என்பதை அறிந்துகொள்ளும் வனீஸ் என்ற இளைஞனின் மனம்தான் படம். அவன் தமையன் எதிர்த்துப் பேசியதால் கொல்லப்படுகிறான். தாய் இவனைக் குலத்தின் பக்கம் இழுக்கிறாள். இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெல்லினி திரைக்கதையைப் படித்துவிட்டு, பண்பாட்டு அமைச்சர் சர்வத் உக்காஷாவிடம் பரிந்து பேசியதால்தான் அரசுப் பணம் கிடைத்தது. முடிந்த படம் வெளிநாடுகளில் கொண்டாடப்பட்டும், எகிப்தின் திரையரங்குகளுக்கு 1975இல்தான் வந்து சேர்ந்தது.

ஜனவரி 15, ஹர்ரானியா

பிரமிடுகளிலிருந்து சக்காராவுக்குப் போகும் சாலையில் இருக்கும் ஹர்ரானியா கிராமத்துக்குப் புறப்பட்டேன். வாடகைக் கார் ஓட்டுநர் வெளிநாட்டவர் வேறெங்கே போவார் என்று தானாகவே முடிவு செய்து, பிரமிடு வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஒட்டகக்காரர்களிடமிருந்து விடுபட்டுத் திரும்ப அரை மணி நேரம் பிடித்தது. அவர் வழி முழுக்க வருத்தம் தெரிவித்துக்கொண்டே வந்தார்; அந்தச் சுற்றுக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

ஷாதிக்குக் கல்லூரியில் பாடம் சொன்ன ஆசிரியர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் ராம்சேஸ் வீசா வாசெஃப். அவர் 1950களின் தொடக்கத்தில் இங்கே சுடாத பச்சைச் செங்கல்லால் வளைகூரைகளும் குவிமாடங்களும் கொண்ட நெசவுக்கூடத்தைத் தொடங்கி, கிராமத்துக் குழந்தைகளைத் தறியில் உட்காரவைத்தார். இக்கட்டடங்களுக்கு 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வெளியே தூசுக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோதும் உள்ளே காற்று அசையவில்லை. சுவரைத் தொட்டால் இதமாக இருந்தது. அவுரி, மஞ்சிட்டி போன்ற சாயச் செடிகளைத் தோட்டத்திலேயே வளர்த்து, கம்பளி நூலுக்கு அவர்களே நிறம் ஏற்றுகிறார்கள்.

சிறுமியாக வந்து இன்று பாட்டியாகிவிட்ட ஒரு நெசவாளர், பனைமரங்களும் வாத்துகளும் நிறைந்த ஒரு குளக்கரையை நெய்துகொண்டிருந்தார். தறியின் எதிரிலோ பக்கத்திலோ மாதிரி ஓவியம் எதுவும் இல்லை. முன்கூட்டி வரையக் கூடாது, பிறர் படைப்பைப் பார்த்துச் செய்யக் கூடாது, பெரியவர்கள் குறை சொல்லக் கூடாது என்பவை வீசா வாசெஃப் வகுத்த விதிகள். முழுப் படமும் நெசவாளரின் நெஞ்சில் இருக்கிறது. அது கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஊடையாக ஏறுகிறது.

எதையும் வரையாதே என்று குழந்தைகளுக்குச் சொன்னவரிடம் படித்த ஒருவர், எல்லாவற்றையும் வரைந்து முடிக்காமல் கேமராவைத் தொடாதவராக ஆனது எப்படி என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இருவரும் எதிரெதிர்த் திசையில் போனவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பொருள் எப்படி உருவாகிறது என்பதை அறியாமல் அழகைப் பற்றிப் பேசுவது இருவருக்குமே பிடித்திருக்காது. நெசவுக்குக் கையும் மனமும் ஒன்றே; சினிமாவுக்கு நூறு கைகள், அவற்றுக்கெல்லாம் ஒரே மனம் புரிந்தாக வேண்டும். அதற்கு வரைபடத்தை விட்டால் வேறு வழி என்ன?

ஜனவரி 17, லக்சர் மேற்குக் கரை

இரவு ரயில் நடுவழியில் நின்று, ஐந்து மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. குளிர் எலும்பு வரை இறங்கியது. எதிர் இருக்கையில் இருந்த குடும்பம், வெயிலில் புளிக்கவைத்துச் சுடும் ஷம்ஸி ரொட்டியையும் அவித்த முட்டையையும் பழைய உப்புப் பாலாடைக்கட்டியையும் பிரித்து, எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகும் அந்த அம்மாள் என் மடியில் வைத்துவிட்டுத்தான் தான் உண்ணத் தொடங்கினார்.

உடல்வலியோடு ஆற்றைக் கடந்து, கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி வடிவமைத்த புதுக் குர்னாவைப் பார்த்தேன். பழைய குர்னா வீடுகள் கல்லறைகளின் மேலேயே இருந்தன. ஒரு கல்லறையின் சிற்பம் வெட்டித் திருடப்பட்ட பிறகு, அம்மக்களை அங்கிருந்து அகற்ற அரசு முடிவு செய்து, 1940களில் இந்தக் கிராமத்தைக் கட்டச் சொன்னது. ஃபத்ஹி பச்சைச் செங்கல்லால் மசூதியும் சந்தையும் வீடுகளும் எழுப்பினார். மக்கள் வர மறுத்ததால் பணி பாதியில் நின்றது. பழைய குடியிருப்பு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இடிக்கப்பட்டு, மக்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

மசூதியின் நிழலில், செம்பருத்தி இனப் பூவில் காய்ச்சும் கர்கதே பானத்தைச் சூடாகக் கொடுத்த ஒரு முதியவர், "எங்களைத் திருடர்கள் என்று எல்லோரும் எழுதினார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் மனசாட்சி உண்டு என்று அந்தப் படம் காட்டியது" என்றார். படத்தில் அந்தக் குலத்தார் கருப்பு உடையில், வெளிறிய பாறைகளின் நடுவே, எந்தப் பழைய சிற்பத்துக்கும் குறையாத கம்பீரத்தோடு நிற்கிறார்கள். பேச்சுவழக்கை விட்டு இலக்கிய அரபியில் பேசுகிறார்கள். அவர்களைக் கீழே வைத்துப் பார்க்கக் கூடாது என்ற முடிவை ஷாதி உடையிலிருந்தே தொடங்கியிருக்கிறார்.

ஜனவரி 18, தைருல் பஹ்ரி

விடியலில் மலைப்பாதை ஏறினேன். அரசி ஹட்செப்சுட்டின் கோவிலுக்குத் தெற்கே, செங்குத்துப் பாறைகளின் மடிப்பில், 1881இன் அந்த மறைவிடம் இருக்கிறது. உள்ளே செல்ல அனுமதி இல்லை. ஏறக்குறைய 12 மீட்டர் ஆழமுள்ள கிணறு போன்ற வாயில் அது. மேலிருந்து பார்க்கும்போது பாறையில் விழுந்த நிழல் என்றுதான் நினைக்கத் தோன்றும். காற்று பலமாக வீசியதால் வாயெல்லாம் மண். உடன் வந்த காவலர் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, என் முகத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

படத்தின் பெரும்பகுதி இரவிலும் அந்தியிலும் விடியலிலும் நிகழ்கிறது. ஒளிப்பதிவாளர் அப்துல் அசீஸ் ஃபஹ்மியின் அந்த நீலம் தோய்ந்த வெளிச்சத்தைச் சினிமாவுக்காகச் செய்தது என்று எண்ணியிருந்தேன். சூரியன் எழுவதற்கு முன் இந்த மலைக்கு உண்மையாகவே அந்த நிறம்தான்; கால் மணி நேரம் நீடித்துவிட்டு, பிறகு எல்லாம் மஞ்சளாகிவிடுகிறது.

1881 ஜூலையில் மறைவிடத்தைக் காலி செய்தவர் கெய்ரோ அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெர்மானியர் எமில் புரூக்ஷ். 50க்கும் மேற்பட்ட உடல்களையும் ஆயிரக்கணக்கான பொருள்களையும் இரண்டே நாளில் வெளியே எடுத்தார். எது எங்கே இருந்தது என்று ஒரு வரைபடம்கூட அப்போது தயாரிக்கப்படவில்லை. கொள்ளைக்காரர்கள் மீண்டும் வருவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான், ஆனால் அந்த இழப்பை ஈடுகட்ட யாராலும் முடியவில்லை. அவருடன் வந்திருந்த எகிப்தியர் அஹ்மத் கமால், தம் நாட்டின் முதல் எகிப்தியவியலாளர். படத்தில் ஷாதி புரூக்ஷை விலக்கி, அஹ்மத் கமாலையே பயணத்தின் தலைவராக வைத்தார். வரலாற்றை மாற்றிவிட்டார் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. இந்த மலையில் நின்று பார்க்கும்போது, வனீஸ் தன் மூதாதையரை ஒப்படைக்க வேண்டியது தன் மொழி பேசும் ஒருவரிடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மதியம் காய்ச்சல் வந்துவிட்டது. விடுதிக்காரரின் மனைவி பூண்டு மணக்கும் முலூக்கியாக் கீரைச் சாற்றைச் சோற்றில் ஊற்றி அனுப்பினார். பில்லில் அது இல்லை.

ஜனவரி 20, அமர்னா

மின்யா மாவட்டத்தில் ஊர் ஊராக ஒரு போலீஸ் வண்டி கூடவே வந்தது. கார்களை ஏற்றிச் செல்லும் மிதவைப்படகில் நைலைக் கடந்தால், மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்த வெறும் சமவெளி. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசர் அக்கெனதென், ஆதென் என்ற சூரியவட்டத்தை மட்டுமே வணங்குவதற்காகப் புதிதாகக் கட்டிய தலைநகரம் இது. அவர் இறந்த பின் கைவிடப்பட்டது. கற்கள் வேறு கட்டடங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. இன்று முழங்கால் உயரச் சுவர்களும், மீண்டும் நிறுத்திய ஓரிரு தூண்களும் எஞ்சியிருக்கின்றன. வடக்குக் கல்லறைகளில் சூரியக் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையில் முடிவதைச் செதுக்கியிருக்கிறார்கள். பல முகங்கள் உளியால் கொத்தி அழிக்கப்பட்டிருக்கின்றன.

ஷாதி தம் வாழ்க்கையின் கடைசிப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தது இந்த அரசரைப் பற்றிய படத்துக்காக. இடையில் பிற வேலைகளும் செய்தார்: பண்டைய கதையொன்றைத் தழுவிய 'நாவன்மை மிக்க குடியானவன்' என்ற குறும்படம், 1973 போரின் வீரர்களைப் பற்றிய 'சூரியனின் படைகள்', தூத்தன்காமனின் பொன் இருக்கையைப் பற்றிய ஆவணப்படம். ஆனால் மனம் இங்கேதான் இருந்தது. திரைக்கதையை மீண்டும் மீண்டும் திருத்தினார். அரண்மனை, கோவில், தேர், இருக்கை, கையணி என்று அனைத்தையும் வரைந்தார். அவர் கண் மூடும் வரை பணம் திரளவில்லை.

அதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். அலெக்சாந்திரியாவில் அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இன்று இந்தச் சுவர் அடிகளுக்கு நடுவே நடந்த பிறகு, அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இடிந்துபோன நகரத்தை ஒருவர் தம் கட்டடக்கலைப் படிப்பையும் நுண்ணிய ஓவியக் கையையும் கொண்டு தாளின் மேல் மறுபடியும் எழுப்பியிருக்கிறார். சென்றவாரம் ஓவியத்தில் நான் வியந்து நின்ற தூண் எந்த அகலத்தில் இருந்தது, அரசர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தார் என்பவற்றை நினைத்துக்கொண்டே சிறிய ஆதென் கோவிலின் தரையில் நடந்தபோது, எங்கே எது நின்றிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது.

காவலர்களும் நானும் மதியம் படகுத்துறையில் கரும்புச்சாறு குடித்தோம், தம்ளர் 10 பவுண்டு. தாங்கள் காவல் காக்கும் ஊரைப் பற்றி இம்மாவட்டத்துக் குடும்பத்தில் வந்த ஒருவர் இத்தனை ஓவியங்கள் வரைந்திருப்பது அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் கைப்பேசியில் இருந்த படங்களை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். அந்த வரைபடங்களின் நல்ல படிகளை இங்கேயே ஓர் அறையில் வைக்க வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வருபவர் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு சமவெளிக்குள் நடக்க வேண்டும். ஊர் திரும்பியதும் நூலகத்துக்கும் மின்யா நிர்வாகத்துக்கும் இதைக் கடிதமாக எழுதப் போகிறேன்.